'டிங்' அடிப்பது யார்?

விமானத்தில் போனவர்களுக்கு அந்த 'டிங்' சத்தம் நன்றாகத் தெரியும். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை கேட்கும். சீட் பெல்ட் விளக்கு அணையும்போது ஒரு தடவை. யாராவது தண்ணீர் கேட்டுத் தலைக்கு மேலே இருக்கும் பொத்தானை அமுக்கினால் இன்னொரு தடவை. விமானமே ஏறாதவர்களுக்கும் இந்தச் சத்தம் பழக்கமாக ஒரு வழி இருக்கிறது. அதுதான் கணினியில் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டர்!

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2004, பிறகு 2006-ல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ், 2020-லும் 2024-லும் வந்த புதிய பதிப்புகள், நடுவில் எக்ஸ்-பிளேன் என்று எதை எடுத்தாலும், அதில் பெரிய பயணிகள் விமானம் ஓட்டுபவருக்கு ஒரு கட்டத்தில் ஒரு குறை தட்டும். பின்னால் 180 சீட் இருக்கிறது, ஒரு ஈ காக்காய் கிடையாது! அந்தக் குறையைப் போக்க வந்தவைதான் கேபின் க்ரூ அறிவிப்பு மென்பொருள்கள். 2000-களின் நடுவில் வந்த எஃப்எஸ் பாசஞ்சர்ஸ் இதில் பிரபலமானது. விமானத்தை முரட்டுத்தனமாகத் திருப்பினால் பயணிகள் பயப்படுவார்கள், சீட் பெல்ட் விளக்கு போட மறந்தால் மதிப்பெண் குறையும். பணிப்பெண் குரல் சரியான நேரத்தில் "வணக்கம்" சொல்லும்.

அந்தச் 'சரியான நேரம்' இதுதான் என்று அந்த மென்பொருளுக்கு யார் சொல்வது? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

நிரல் எதைப் பார்க்கிறது?

சிமுலேட்டருக்குள் எந்நேரமும் ஏராளமான எண்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. உயரம் எத்தனை அடி, வேகம் எவ்வளவு, சக்கரம் இறங்கியிருக்கிறதா, ஃப்ளாப் எந்த நிலையில், எந்த விளக்கு எரிகிறது, எஞ்சின் ஓடுகிறதா என்று எல்லாமே எண்கள்தான். அறிவிப்பு மென்பொருள் அவற்றை அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். பழைய பதிப்புகளில் இதற்கு எஃப்எஸ்யூஐபிசி என்ற துணை நிரல் உதவியது. ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் வந்தபோது சிம்கனெக்ட் என்ற வழியை மைக்ரோசாஃப்டே கொடுத்தது.

மீதி எல்லாம் "இப்படி இருந்தால் அப்படிச் செய்" என்ற சாதாரண விதிகள்தான். கதவு மூடிவிட்டது, சுழலும் சிவப்பு விளக்கு எரிகிறது என்றால் பயணிகள் ஏறியாயிற்று என்று அர்த்தம். தரையில் மெல்ல நகர்ந்தால் பாதுகாப்பு விளக்கம். ஓடுபாதைக்குள் நுழையும்போது லேண்டிங் விளக்கு போட்டால் "கேபின் க்ரூ, இருக்கையில் அமருங்கள்". 10,000 அடி தாண்டினால் 'டிங்'. சீட் பெல்ட் விளக்கை அணைத்தால் சாப்பாட்டு வண்டி கிளம்பும். இறங்கும்போது மறுபடி 10,000 அடியில் ஒரு 'டிங்'. சக்கரம் இறங்கினால் "தரையிறங்கத் தயார்". தரையைத் தொட்டு வேகம் குறைந்தால் நல்வரவு. அவ்வளவுதான்!

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படி எழுதிய நிரல் சறுக்கி விழும் இடங்கள் நிறைய. லே விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லடாக்கில் இருக்கும் அந்த நிலையமே கடல் மட்டத்திலிருந்து 10,682 அடி உயரத்தில் இருக்கிறது. '10,000 அடிக்கு மேல் போனால் மணி அடி' என்று மட்டும் எழுதியிருந்தால், விமானம் தரையில் நிற்கும்போதே காபி கொடுக்கக் கிளம்பிவிடுவார்கள்! திருச்சி விமான நிலையத்தின் உயரம் 288 அடிதான். அதனால் திருச்சியிலிருந்தே ஓட்டிப் பழகும் மாணவனுக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

திருச்சியில் வேறு ஒரு பிழை மாட்டும். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து ஒரு மாணவன் திருச்சி - சென்னை விமானத்தை ஓட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வான்வழியில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்க வேண்டும். '30,000 அடியைத் தொட்டால் உணவு' என்ற விதி இருந்தால் அந்த விமானத்தில் கடைசி வரை பச்சைத் தண்ணீர் கிடைக்காது. இறங்கும் நேரத்தில் காற்று சரியில்லை என்று மறுபடி மேலே ஏற்றினால் இன்னும் கூத்து. சக்கரம் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது... பணிப்பெண் குரல் "சென்னைக்கு நல்வரவு" என்று நடுவானில் சொன்னாலும் ஆச்சரியமில்லை. ஆகவே நல்ல நிரல்கள் ஒரு எண்ணை மட்டும் நம்புவதில்லை. பயணம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்திருக்கும். ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்த கட்டம்.

நிஜ விமானத்தில் எப்படி?

வேடிக்கை என்னவென்றால், நிஜ விமானத்திலும் ஒரு பகுதி இதே மாதிரிதான். திருச்சியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போகும் போயிங் 737-ல் சீட் பெல்ட் சுவிட்சுக்கு 'ஆட்டோ' என்று ஒரு நிலை உண்டு. அதில் வைத்துவிட்டால் ஃப்ளாப்போ சக்கரமோ வெளியே இருக்கும்போது விளக்கு தானாக எரியும், இரண்டும் உள்ளே போனால் அணையும். கிட்டத்தட்ட அந்த மாணவனின் நிரல்தான்!

சத்தங்களிலும் வித்தியாசம் உண்டு. அதே 737-ல் சீட் பெல்ட் விளக்கு மாறினால் தணிந்த ஒற்றை மணி. பயணி அழைத்தால் உயர்ந்த ஒற்றை மணி, கூடவே நீல விளக்கு. விமானி பணியாளரை அழைத்தால் இரட்டை ஒலி, இளஞ்சிவப்பு விளக்கு. கழிவறையிலிருந்து அழைத்தால் மஞ்சள் விளக்கு. கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலும் யார் கூப்பிடுகிறார்கள் என்று அனுபவப்பட்ட பணியாளருக்குப் பாதி தெரிந்துவிடும்.

அந்த 10,000 அடிக்கும் ஒரு கதை உண்டு. 1974-ல் அமெரிக்காவின் சார்லட் நகரில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று தரையிறங்கும்போது விழுந்தது. விமானிகள் இறங்கும் நேரத்தில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சில் இருந்தது ஒலிப்பதிவில் தெரிந்தது. இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு 1981-ல் அமெரிக்காவில் ஒரு விதி வந்தது. 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானிகள் வேலையைத் தவிர வேறு எதிலும் கவனம் செலுத்தக்கூடாது, பணியாளர்களும் அவசியமில்லாமல் அழைக்கக்கூடாது. மற்ற நாடுகளிலும் இது பரவியது. பல நிறுவனங்களில் அந்த உயரத்தைத் தாண்டியதும் விமானி சுவிட்சைத் தட்டி மணி அடிப்பார். "இனிமேல் கூப்பிடலாம்" என்று அர்த்தம்.

தானாக அடிக்கும் மணிகளிலேயே முக்கியமானது கேபின் காற்றழுத்த எச்சரிக்கை. 737-ல் கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 10,000 அடி உயரத்துக்குச் சமமாகக் குறைந்தால் காக்பிட்டில் ஹாரன் அடிக்கும். 14,000 அடிக்குச் சமமானால் பயணிகள் தலைக்கு மேலே ஆக்ஸிஜன் முகமூடிகள் தானாக விழும். 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் 522 விமானத்தில் இவை இரண்டுமே நடந்தன. ஹாரன் அடித்தது. ஆனால் புறப்படும் முன் ஃப்ளாப் போன்றவை சரியாக இல்லாவிட்டால் அடிக்கும் ஹாரனும் அதே சத்தம்தான்! விமானிகள் அதைத்தான் இது என்று நினைத்தார்கள். பின்னால் முகமூடிகள் விழுந்தன. முன்னால் இருந்தவர்கள் சிறிது நேரத்தில் மயங்கிவிட்டார்கள். எரிபொருள் தீரும் வரை தானாகப் பறந்த விமானம் ஏதென்ஸ் அருகே மலையில் மோதியது. அதில் இருந்த 121 பேரும் இறந்தார்கள். இயந்திரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது சொன்னது புரியவில்லை.

எந்த விளக்கும் எரியாத இரவு

ஹீலியோஸில் மணி அடித்தும் பயனில்லை. மணியே அடிக்காத கதை ஒன்று திருச்சியிலேயே நடந்திருக்கிறது.

2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டி சுமார் ஒன்றரை மணி. துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 611-ல் 130 பயணிகள், 6 பணியாளர்கள். ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது விமானியின் இருக்கைச் சாய்மானம் பின்னால் சரிந்தது, அவர் கையோடு த்ரஸ்ட் லீவரும் பின்னால் வந்துவிட்டது, எஞ்சின் விசை குறைந்ததை இரு விமானிகளுமே கவனிக்கவில்லை என்று பின்னால் வந்த விசாரணையில் தெரிந்தது. ஓடுபாதை முடியும் இடத்தில்தான் விமானம் எழும்பியது. எழும்பும்போது ஓடுபாதைக்கு அப்பால் இருந்த ஆன்டெனாவையும் விமான நிலையச் சுற்றுச்சுவரையும் இடித்துவிட்டுப் போனது.

இடித்தது யாருக்குத் தெரியும்? காக்பிட்டில் எந்த விளக்கும் எரியவில்லை. சுவரில் இடித்தது என்று சொல்லும் விளக்கு எந்த விமானத்திலும் கிடையாது. புறப்படும்போது ஃப்ளாப் தவறாக இருந்தால் ஹாரன் அடிக்கும். ஆனால் ஓடும்போது விசை குறைந்து வேகம் மெதுவாக ஏறினால் அடிக்க ஒன்றும் இல்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்கள்தான் சந்தேகப்பட்டு விமானிகளுக்குச் சொன்னார்கள். விமானிகள் கருவிகளைப் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே காட்டியது. அப்படியே பதிலும் சொன்னார்கள், பயணமும் தொடர்ந்தது. கீழே சுவர் உடைந்து கிடப்பது உறுதியான பிறகுதான் விமானம் மும்பைக்குத் திருப்பப்பட்டது. விடியற்காலை ஐந்தரை மணி அளவில் அங்கே பத்திரமாக இறங்கியது. வயிற்றுப் பகுதி கிழிந்திருந்தது, வேலிக் கம்பி மாட்டியிருந்தது. யாருக்கும் காயமில்லை.

136 உயிர்கள், நான்கு மணி நேரம். அத்தனை நேரமும் விமானத்தில் இருந்த ஒரு கருவியும் வாயைத் திறக்கவில்லை!

விமானத்தின் பின்பகுதியில் அடிபட்டால் அதை முதலில் உணர்வது பெரும்பாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பணியாளர்தான். காக்பிட் அங்கிருந்து முப்பது மீட்டருக்கு மேல் தள்ளி, மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். அப்படியானால் அந்தப் பணியாளரும் ஒரு கருவிதான். கண், காது, உட்காரும் இடத்தில் தட்டும் அதிர்ச்சி எல்லாம் சேர்ந்த கருவி. அதற்கு ஒயர் கிடையாது. பணியாளர் தானே ரிசீவரை எடுத்துப் பேசினால்தான் உண்டு.

பேசத் தயங்கியவர்கள்

எடுத்துப் பேசுவது அவ்வளவு சுலபமா? 1989-ல் நடந்த இரண்டு விபத்துகள் இதற்குப் பதில் சொல்கின்றன.

அந்த வருடம் ஜனவரி 8 அன்று லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் போன பிரிட்டிஷ் மிட்லண்ட் 737-ல் இடது எஞ்சின் பழுதானது. விமானிகள் தவறாக வலது எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். வலது எஞ்சினில்தான் கோளாறு என்று பயணிகளுக்கு அறிவிப்பும் செய்தார்கள். பின்னால் இருந்த பயணிகளும் பணியாளர்களும் இடது பக்கம் தீயைப் பார்த்திருந்தார்கள். அந்த முரண்பாட்டை யாரும் காக்பிட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கெக்வொர்த் கிராமத்துக்குப் பக்கத்தில் விமானம் விழுந்து 47 பேர் இறந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து மார்ச் 10, கனடாவில் டிரைடன். ஏர் ஒன்டாரியோ விமானத்தின் இறக்கையில் பனி படிந்திருந்ததைக் கேபினிலிருந்து பார்த்தவர்கள் உண்டு. உயிர் பிழைத்த பணிப்பெண் விசாரணையில் சொன்னதன் சாரம் இதுதான்: விமானிகளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார், இந்த மாதிரி விஷயத்தை அவர்களிடம் போய்ச் சொல்வது வழக்கமும் இல்லை. அந்த விபத்தில் 24 பேர் இறந்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது பாருங்கள். 10,000 அடிக்குக் கீழே தொந்தரவு செய்யாதே என்று விதி. ஆபத்துகளில் பெரும்பகுதி நடப்பதும் அந்த உயரத்துக்குக் கீழேதான்! 'அவசியம் இல்லாமல்' அழைக்காதே என்றால் எது அவசியம் என்று ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டியவர் மடக்கு இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் பணியாளர். தவறாக அழைத்தால் திட்டு விழுமோ என்ற பயம் வேறு. அதனால்தான் இந்த விபத்துகளுக்குப் பிறகு விமானிகளையும் பணியாளர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்கும் வழக்கம் வலுப்பட்டது. சந்தேகம் வந்தால் கூப்பிடு, உயரத்தைப் பார்க்காதே என்பதுதான் அந்தப் பயிற்சியின் பாடம்.

விளக்கு எரிந்த மாலை

2018-க்கு ஆறு வருடம் முடிய ஒரே ஒரு நாள் குறைவு. 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 613-ல் புறப்பட்டதுமே ஹைட்ராலிக் கோளாறு. இந்தத் தடவை இயந்திரம் பேசியது, காக்பிட்டில் எச்சரிக்கை வந்தது. 737-ல் எரிபொருளை வானில் கொட்டிவிட வசதி கிடையாது. எடையைக் குறைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் திருச்சிப் பக்கமே வட்டமடித்தது. ஊரே தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் அந்த வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசையாக நின்றன. இரவு எட்டேகால் மணி அளவில் சுமார் 140 பயணிகளோடு பத்திரமாக இறங்கியது.

இதை அந்த ஸ்ரீரங்கத்து மாணவன் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? ஹைட்ராலிக் கோளாறை வரவழைக்க முடியும், வட்டமும் அடிக்கலாம். ஆனால் விமானம் தாழ்வாகவே சுற்றுவதால் 10,000 அடி மணி அடிக்காது. நிரலில் இருக்கும் பணிப்பெண் இரண்டு மணி நேரமும் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார்!

நிஜத்தில் அந்த நேரத்தில்தான் பணியாளருக்கு வேலை அதிகம். இப்படிப்பட்ட சமயத்தில் விமானி பணியாளரிடம் நான்கு விஷயம் சொல்ல வேண்டும் என்று பல நிறுவனங்களில் முறை இருக்கிறது. என்ன கோளாறு, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா. கேட்ட பணியாளர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகப் புரிந்ததா என்று பார்க்கத்தான் இது. ஹீலியோஸில் இல்லாமல் போனது இந்தப் புரிதல்தான்.

அடுத்து பயணிகள். திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிறவர்களில் பலர் புதுக்கோட்டை, பெரம்பலூர், அறந்தாங்கி பக்கத்திலிருந்து வேலைக்குப் போகிறவர்கள். அறிவிப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தால் அவர்களுக்கு அதுவும் ஒரு 'டிங்' மாதிரிதான். ஏதோ சத்தம் வந்தது, என்ன என்று தெரியாது. 2020-களின் தொடக்கத்தில் சென்னை - மதுரை இண்டிகோ விமானத்தில் விமானி ஒருவர் தமிழிலேயே பேசி, கீழே தெரியும் கொள்ளிடத்தையும் காவிரியையும் நடுவில் ஸ்ரீரங்கத்தையும் காட்டிய காணொளி பரவலாகப் பகிரப்பட்டது. அவர் ராஜகோபுரத்தின் 236 அடியைக் காட்டியதில் மட்டும் இல்லை விஷயம். பேசுவது புரிந்ததும் அந்த விமானத்தில் இருந்தவர்களுக்கு விமானி ஒரு மனிதராகிவிட்டார். புரிகிற மொழியில் பேசுகிறவரிடம்தான் திருப்பிப் பேசத் தோன்றும்.

கேபினிலிருந்து காக்பிட்டுக்குப் போகும் தகவலில் பாதி பயணியின் கண்ணிலும் காதிலும்தான் ஆரம்பிக்கிறது. இறக்கையைப் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் இருப்பவர் அவர்தானே! "நமக்கென்ன தெரியும், அவங்களுக்குத் தெரியாததா" என்று அவர் சும்மா இருந்துவிட்டால் டிரைடனில் நடந்ததுதான் இங்கேயும்.

சிமுலேட்டரில் கேபின் அறிவிப்பு எழுதும் மாணவர்கள் உயரம், ஃப்ளாப், சக்கரம் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு ஒரே ஒரு விதியை மட்டும் கூடுதலாகச் சேர்க்கலாம். எப்போதாவது, எந்த எண்ணும் மாறாதபோது, கருவிகள் எல்லாம் பச்சையாக இருக்கும்போது, காக்பிட்டில் மணி அடிக்க வேண்டும். பின்னாலிருந்து ஒரு குரல், "சார், ஏதோ இடிச்ச மாதிரி இருந்தது" என்று சொல்ல வேண்டும். ஓட்டுபவர் அதை நம்புகிறாரா, கருவியை நம்புகிறாரா என்று பார்க்க வேண்டும். அதுதான் உண்மையான பரீட்சை.

விமானத்தில் போகிறவர்களுக்கு இன்னும் சுலபமான வேலை. தலைக்கு மேலே இருக்கும் அந்தப் பொத்தான் தண்ணீர் கேட்க மட்டும் இல்லை. கண்ணில் பட்டது சரியில்லை என்று தோன்றினால் அமுக்குங்கள், தமிழிலேயே சொல்லுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சிரிப்போடு போய்விடும் :)